செங்கோல் ஏந்தாத பேரரசி

பைக்காரா ஆறு மோயாறாகிப் பவானியிற் கலக்கிறது. பவானி காவிரியைச் சேர்கிறது. நீலமலையின் மழைநீர் இவ்வாறு சென்று நனைக்கும் சோழ வளநாட்டில், ஓர் அம்மையார் எழுப்பிய கற்றளிகள் ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் நிற்கின்றன. அவரே செம்பியன் மாதேவியார்.

மழவரையர் மகளாகப் பிறந்த அவர், முதற் பராந்தகனின் மைந்தர் கண்டராதித்தருக்கு வாழ்க்கைப்பட்டார். 949இல் தக்கோலப் போரில் பட்டத்திளவரசர் இராசாதித்தர் வீழ்ந்தார். தொண்டை மண்டலம் கைவிட்டுப் போயிற்று. அந்தத் தளர்ச்சிக் காலத்திலேதான் கண்டராதித்தர் அரியணை ஏறினார். அவர் சிவநெறியில் தோய்ந்தவர். தில்லைக் கூத்தன்மீது அவர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்றுள்ளது. சில ஆண்டுகளில் அவர் மறைந்தார். மகன் மதுராந்தகன் சிறுவன். அரசுரிமை கணவரின் தம்பி அரிஞ்சயருக்கும், பின்னர் அவர் மகன் சுந்தர சோழருக்கும் சென்றது.

சுந்தர சோழர் மறைந்தபோது அவருடைய தேவி வானவன் மாதேவி தீப்பாய்ந்தார். செம்பியன் மாதேவியாரோ கைம்மை நோன்பிருந்து வாழ்ந்தார். அந்த வாழ்வு சிவத்தொண்டாக மலர்ந்தது.

செங்கல்லால் ஆன பழங்கோயில்களைக் கருங்கல்லால் புதுப்பித்தார். கோனேரிராசபுரம், ஆடுதுறை, குத்தாலம், விருத்தாசலம் எனப் பல ஊர்கள் அவர் பணிக்குச் சான்று. திருக்கோடிக்காவில் பழைய சுவர்களைப் பிரித்தபோது, அவற்றிலிருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவர்களில் மீண்டும் பொறிக்கச் செய்தார். யாரோ என்றோ ஏற்றிவைத்த விளக்கின் கணக்கும் அழியலாகாது என்னும் நேர்மை அது. கோனேரிராசபுரத்துத் திருக்கற்றளியைக் கணவர் பெயரால் எடுத்தார். அவர் சிவலிங்கத்தை வழிபடும் சிற்பத்தை அங்கே அமைத்தார். அக்கோயிலை எடுப்பித்த ஆலத்தூர்ச் சாத்தன் குணபட்டனின் உருவமும் பெயரும் அச்சுவரில் உள்ளன. ஆடல்வல்லானுக்குக் கோயிற் சுவரில் தனிக்கோட்டம் அமைக்கும் மரபு வேரூன்றியதும் அவர் திருப்பணிகளாலேயே.

ஏறத்தாழ 970இல் மதுராந்தகன் உத்தம சோழன் என்னும் பெயரோடு முடிசூடினான். சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டமையால் இவன்மீது பிற்கால ஆய்வாளர் சிலர் ஐயம் கொண்டனர். கொலையாளிகளின் உடைமை பறிக்கப்பட்டதைக் கூறும் உடையார்குடிக் கல்வெட்டு உத்தமனைக் குற்றம் சாட்டவில்லை. அன்னையின் பெயரில் எந்த மாசும் படியவில்லை.

ரோமாபுரியில் அகஸ்டசின் தேவி லிவியாவுக்கு அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. முன்கணவருக்குப் பிறந்த திபேரியசை அரியணை ஏற்றுவதற்காக நஞ்சிட்டார் என்னும் வதந்தியை வரலாற்றாசிரியர்களே எழுதிவைத்தனர். அவரும் கோயில்களைப் புதுப்பித்தவர். அவருக்கும் ஆட்சிப் பதவி இல்லை. கி.பி. 29இல் அவர் மறைந்தபோது தெய்வச் சிறப்பளிக்க மகன் மறுத்தான். 42இல் பேரன் கிளாடியசே அதனை வழங்கினான்.

சோழ நாட்டில் உத்தமனின் தேவியர், மாமியார் பிறந்த சித்திரைக் கேட்டை நாளின் விழாவுக்கு அறக்கட்டளை வைத்தனர். 985இல் உத்தமன் மறைந்தபின் அரியணை இராசராசனுக்குச் சென்றது. பேரன் மதுராந்தகன் கண்டராதித்தன் பகை கொள்ளவில்லை; இராசராசன் ஆட்சியில் கோயிற் கணக்குகளை ஆராயும் அதிகாரியாகப் பணிபுரிந்தான். பாட்டியார் கட்டியவற்றைக் காக்கும் பணி பேரனுக்கு வாய்த்தது பொருத்தமே.

941ஆம் ஆண்டுக் கல்வெட்டில் முதலில் காணப்படும் அவர் பெயர் 1001 வரை தொடர்கிறது. அறுபது ஆண்டுகள், பராந்தகன் முதல் இராசராசன் வரை ஆறு மன்னர்கள். 1019இல் இராசேந்திர சோழன், அவர் பெயரால் அமைந்த ஊரின் கோயிலில் அவருக்குச் செப்புத் திருமேனி எடுப்பித்து வழிபாட்டுக்கு நிவந்தம் வைத்தான்.

கணவர் பாடிய பதிகம் ஏட்டில் வாழ்ந்தது. அம்மையார் பாடியதாக ஓரடியும் இல்லை. ஆயினும் பிறர் பெயர் அழியாமல் காத்தவரின் பெயரைக் கல்லும் செம்பும் காத்து நிற்கின்றன. முடிசூடிய மன்னர் பலருக்கும் இப்புகழ் வாய்த்ததில்லை.