நகர் வகுத்த நல்லாசான்

1854இல் ஸ்கொத்லாந்திற் பிறந்த பற்றிக் கெடிஸ் பயிற்சியால் உயிரியலாளர். ஊரையும் ஓர் உயிராகவே கண்டார். எடின்பரோவில், எளியோர் நெருங்கி வாழ்ந்த அழுக்கடைந்த பழைய மனையொன்றில் மனைவி அன்னாவுடன் குடியேறி, அயலவரைச் சேர்த்துக்கொண்டு சுவர்களுக்கு வெள்ளையடித்தார். மேடைப் பேச்சினும் இஃது அரிய தொண்டன்றோ!

1914இல் இந்தியா வந்தவர், மதுரை, தஞ்சை முதலிய நகர்களின் தெருக்களிற் கால்நடையாய்த் திரிந்தார். நேரிய வீதிக்காக மனைகளை நிரை நிரையாய் இடிக்க எண்ணிய பொறியியலாளருக்கு அவர் காட்டிய மாற்றுவழி, பாழடைந்தவற்றை மட்டும் அகற்றி ஏனையவற்றைக் குடிகளுடனே காத்தலாகும். செலவும் அதிற் குறைவு.

இந்தூரிலே பிளேக் நோய் பரவியிருந்தது. தெருத்தெருவாய்த் திரியும் இந்தத் துரையே நோயைக் கொணர்பவர் என மக்கள் அஞ்சினர். அவரோ சினந்தாரல்லர். மன்னரின் இசைவுடன் தீபாவளிக்குப் பெரும் ஊர்வலமொன்றை வகுத்தார். மிகத் துப்புரவான தெருக்களின் வழியே அது செல்லும் என்று பறைசாற்றப்பட்டதும், ஊரார் போட்டியிட்டு வீடுகளைச் செப்பனிட்டுக் குப்பைகளை அகற்றினர். வெள்ளாடை புனைந்த துப்புரவுத் தொழிலாளர் மாலையுடன் நடந்தனர். அழுக்கரக்கனின் உருவமும் பேரெலியின் உருவமும் இறுதியில் எரியூட்டப்பட்டன. அதிகாரியின் ஆணைக்கு அசையாத ஊர் திருவிழாவுக்கு அசைந்தது!

1917இல் மகனைப் போரிலும் மனைவியை இந்தியாவிலும் பறிகொடுத்த பின்னரும் அவர் பணி ஓயவில்லை. நமது கொழும்பு நகருக்கும் 1921இல் திட்ட அறிக்கை வரைந்தளித்தார். 1932இல் பிரான்சின் மொன்பெலியே நகரிற் கண்மூடினார்.