சீகன்பால்கு: ஓராண்டின் இரு நூல்கள்

பிற சமயத்தாரின் நூல்களில் இறையொளி உண்டா என்பது கிறித்துவ இறையியலின் பழைய வினாக்களுள் ஒன்று. அவ்வினாவைத் தமிழ் ஏடுகளின் நடுவே அமர்ந்து எதிர்கொண்டவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு.

செருமனியின் சாக்சனிப் பகுதியில் 1682-இல் பிறந்த அவர் ஹாலே நகரில் இறையியல் பயின்றார். தென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கு அனுப்ப, புளுட்சோ என்பாருடன் 1706 சூலையில் தரங்கம்பாடி வந்திறங்கினார். திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார். ஈராண்டுக்குள் 119 தமிழ் நூல்களுக்கு விளக்கப் பட்டியல் வரைந்தார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் செருமானியத்தில் பெயர்த்தார். 1708-இன் இறுதியில் தரங்கம்பாடித் தளபதி அவரைச் சிறையிலிட்டார். நான்கு திங்களுக்குப் பின்னரே அவர் வெளிவந்தார்.

இயற்கை தரும் ஒளியால் எல்லா மாந்தரும் கடவுள் உண்டென உணரலாம். மீட்போ விவிலியத்தில் வெளிப்பட்ட கிறித்துவாலேயே கிட்டும். இதுவே அவர் கற்ற கோட்பாடு. இறுதிவரை அதனை அவர் கைவிட்டாரல்லர். எனினும் சிவவாக்கியம் முதலிய ஏடுகளைப் பயின்றபின், ஒரே பரம்பொருளைப் போற்றும் ஞானியர் மரபு இம்மண்ணில் உண்டென்பதைத் தம்மவர்க்கு எழுதி உணர்த்தினார்.

1713-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் உற்று நோக்கத்தக்கது. தரங்கம்பாடியில் புதிதாய் அமைந்த அச்சகத்தில், தமிழர் வழிபாட்டைக் கண்டிக்கும் அக்கியானம் என்னும் அவரது சிறுநூல் அவ்வாண்டு அச்சேறிற்று. அதே ஆண்டில், தமிழர் வணங்கும் தெய்வங்களின் வழிமுறையை விரிவாக விளக்கும் செருமானிய நூலையும் எழுதி முடித்தார். ஓலைச்சுவடிகளோடு, தமிழரிடம் வினாக்கள் விடுத்துப் பெற்ற மடல்களும் அதற்குச் சான்றாயின. தமிழரே தம் சமயத்தைப் பற்றிக் கூறியவற்றுக்கு அந்நூல் இடந்தந்தது.

ஹாலேயில் பணியை மேற்பார்த்த பிராங்கே அதனை அச்சிட இசையவில்லை. பொய்ச்சமயத்தைக் களையச் சென்றவர் அதனை ஐரோப்பாவில் பரப்புதல் தகாது என்பதே அவர் கருத்து. கையெழுத்துப்படி உறங்கிற்று. சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு 1715-இல் நிறைவு செய்தார்; பழைய ஏற்பாட்டை ரூத்து ஆகமம் வரை பெயர்த்தார். 1719 பிப்ரவரியில், தம் 36-ஆம் அகவையில், தரங்கம்பாடியில் மறைந்தார். தெய்வ வழிமுறை நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சு வடிவம் பெற்றது. எழுதிமுடித்து 154 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அவரைப் போற்றுவோர் பின்னைய நூலையும் தூற்றுவோர் முன்னைய நூலையும் மட்டுமே எடுத்துக்காட்டுதல் உண்டு. இரண்டையும் எழுதியவர் ஒருவரே. தம் நம்பிக்கையில் உறுதி தளராமலே, தாம் மறுக்க வந்த சமயத்தின் சொற்களுக்குச் செவிசாய்த்து அவற்றைப் பேணி வைத்தார். அவ்விரு நூல்களையும் ஒருங்கே கற்போர்க்கே அவர் உள்ளம் புலனாகும்.