சாத்தானின் அகராதி செய்த அம்புரோஸ் பியர்ஸ்

அகராதி என்பது சொற்களுக்குப் பொருள் கூறும் நூல் என்பதை நாம் யாவரும் அறிவோம். நூல்நிலையத்தின் ஒரு மூலையில் அது கிடக்கும். வேண்டியபோது எடுத்து, தேடிய சொல் அகப்பட்டதும் மூடிவைத்து விடுவோம். அத்தகைய நூலொன்றை முதலேடு தொடங்கி இறுதிவரை நகைத்துக்கொண்டே படிக்கலாம் எனின் நம்பத் தகுமோ? அங்ஙனம் படிக்கத்தக்க அகராதி ஒன்று உண்டு. நகை அடங்கிய பின்னர் நெஞ்சில் ஒரு முள் தைத்தாற்போல் இருப்பது அதன் தனியியல்பு. அதனை ஆக்கியவர் அமெரிக்கராகிய அம்புரோஸ் பியர்ஸ். நூலின் பெயர் சாத்தானின் அகராதி. பெயரைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. மனிதர் தம் குற்றங்களுக்கு இட்டுக்கொண்ட அழகிய பெயர்களைக் கழற்றிக் காட்டுவதே அந்நூலின் வேலை.

பியர்ஸ் 1842-ம் ஆண்டு ஜூன் மாதம் 24-ந் தேதி, ஒஹையோ மாகாணத்தில் ஓர் எளிய குடியானவர் வீட்டிற் பிறந்தார். பெற்றோர்க்கு மக்கள் பதின்மூவர், இவர் பத்தாமவர். தந்தையார் பொருளில் வறியர். ஆயினும் புத்தகச் செல்வம் படைத்தவர். அவர் தம் மக்கள் பதின்மூவர்க்கும் ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்தையே முதலாக உடைய பெயர்களை இட்டார். அகரத்தை ஆதியாக உடையது அகராதி எனின், அகராதி செய்வதற்கென்றே அமைந்த குடும்பம் இது எனலாம். குடும்பம் பின்னர் இந்தியானா மாகாணத்திற் குடியேறிற்று. பதினைந்து வயதில் வீட்டை விட்டு வெளியேறிய பியர்ஸ், அடிமை முறையை எதிர்த்து நின்ற ஒரு பத்திரிகையின் அச்சுக்கூடத்தில் எடுபிடி ஆளாய் அமர்ந்தார். அச்சுக்கூடத்துச் சிறுவனைச் சாத்தான் என்று பரிகாசமாய் அழைப்பது ஆங்கிலம் பேசுவோரிடைப் பழைய வழக்கம். ஆகவே அப்பட்டம் இவருக்கு நூல் எழுதுமுன்னரே கிட்டிவிட்டது.

1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. பியர்ஸுக்கு அப்போது வயது பத்தொன்பதும் நிரம்பவில்லை. இந்தியானாவின் ஒன்பதாம் காலாட்படையிற் சேர்ந்தார். அவ்வாண்டிலேயே, குண்டுமாரிக்கிடையே புகுந்து காயமுற்ற தோழன் ஒருவனைத் தூக்கி வந்தார். மறு ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஷைலோ என்னுமிடத்தில் நிகழ்ந்த பெரும்போரை நேரிற் கண்டார். ஆங்கே போரின் நடுவில் காடு தீப்பற்றிற்று. காயமுற்று நகரவியலாது கிடந்தவர்கள் சருகுகளோடு சருகாய் வெந்து போயினர். அவ்வுடல்கள் கிடந்த நிலையைப் பல்லாண்டுகட்குப் பின் பியர்ஸ் ஒரு கட்டுரையில் வருணித்துள்ளார். அதனைப் படித்தபின் இரவில் உறங்குவது கடினம். அதே போரைப்பற்றி அந்நாளிற் பத்திரிகைகளும் மேடைகளும் புகழ், வீரம், தியாகம், மாட்சிமை என்னும் சொற்களை வாரி இறைத்துக் கொண்டிருந்தன. சொல் ஒருபுறமும் அது சுட்டும் பொருள் மற்றொருபுறமும் எவ்வளவு தொலைவிற் பிரிந்து நிற்கக்கூடும் என்பதை இவ்விளைஞர் கற்ற பள்ளிக்கூடம் இதுவே என்பது நம் கருத்து. அவருடைய நகைப்பைப் பொழுதுபோக்கென்று எண்ணுவோர் ஷைலோவை மறந்துவிடுகின்றனர்.

பின்னர் அவர் படைத்தலைவர் ஹேசன் என்பாரிடம் நில அளவைப் பொறியாளராய்ப் பணிபுரிந்து போர்க்களங்களின் படங்களை வரைந்தார். மேடு, பள்ளம், ஓடை, வழி ஆகியவற்றை உள்ளபடியே குறிக்காவிடின் மனிதர் மடிவர் என்னும் நிலையில் செய்யப்பட்ட வேலை அது. 1864 ஜூன் மாதம் கென்னசா மலைப் போரில் தலையிற் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தார், அடுத்த ஆண்டு ஜனவரியிற் படையினின்றும் விலகினார்.

1866-ல் அதே ஹேசனுடன் மேற்குச் சமவெளிகளைக் கடந்து சான் பிரான்சிஸ்கோ நகரை அடைந்தவர், அங்கேயே தங்கிப் பத்திரிகைத் தொழிலிற் புகுந்தார். 1868-ல் ஒரு வாரப் பத்திரிகைக்கு ஆசிரியரானார். 1871-ல் மணம் புரிந்துகொண்டு, மறு ஆண்டு இங்கிலாந்து சென்று மூன்றாண்டுகள் எழுதி வாழ்ந்தார். திரும்பிய பின் டக்கோட்டாவிற் பொன் எடுக்கும் கம்பெனியொன்றை நடத்தப்போய்த் தோற்றதும் உண்டு. அதனை விரித்துரைத்தாற் பயனில்லை.

1881-ல் அவர் குளவி என்னும் பொருள்படும் பெயருடைய வாரப் பத்திரிகைக்கு ஆசிரியராயினார். பெயர்ப்பொருத்தம் நன்கமைந்திருந்தது! சாத்தானின் அகராதி என்னும் தலைப்பில் விளக்கங்கள் சிறிது சிறிதாய் வெளிவரத் தொடங்கியது அவ்வாண்டிலேதான். இவ்வேலை விட்டு விட்டு இருபத்தைந்து ஆண்டுகள் நடைபெற்றது.

அவர் கையாண்ட முறை யாது? மெய்யான அகராதியாசிரியர் போலவே முகத்திற் சிரிப்பின் சுவடுமின்றிச் சொல்லை எழுதுவார். அது பெயரோ, வினையோ, உரியோ என்று இலக்கணம் குறிப்பார். பின்னர் ஓரிரு வரியிற் பொருள் உரைப்பார். சில சொற்களுக்கு மேற்கோளாகச் செய்யுளும் காட்டுவார். அச்செய்யுட்களை இயற்றியவர் அவரேயாயினும், இல்லாத புலவர்களின் தலையிற் சுமத்திவிடுவார். காஸலாஸ்கா ஜேப் என்றொரு பாதிரியார் அவ்வாறு பிறந்தவரே. புகழ்வதுபோல் இகழும் வஞ்சப்புகழ்ச்சி நம் அணிநூல்களிற் கூறப்பட்டதே. பியர்ஸ் அதனை ஒரு பாட்டோடு நிறுத்தாமல் ஒரு மொழியின் சொற்றொகுதி முழுவதற்கும் விரித்தார் என்க.

அவர் எழுதியவற்றை ஈண்டு எடுத்துக்காட்டப் புகோம். மொழிபெயர்த்தால் முனை மழுங்கும். அவர் வழியை விளக்குவதற்கு நம் நாவில் அன்றாடம் புழங்கும் சில தொடர்களை நாமே எடுத்துக்கொள்வோம். அமைதியான ஊர் என்கிறோம். உரக்கக் கூவினாலும் எவரும் வாராத ஊர் எனப் பொருள் எழுதலாம். சாதுவான நாய் என்கிறோம். இதுவரை நம்மைக் கடியாத நாய் என்பதன்றி அதற்கு வேறு சான்று யாது? நோயாளி தேறி வருகிறார் என்பது, பார்க்க வருவோர் பழம் வாங்கி வருவதை நிறுத்திவிட்ட நிலை. நெருங்கிய நண்பர் என்பார் நம் குறைகளை முற்றும் அறிந்து, ஊராருக்கும் ஓரளவு அறிவித்தவர். எளிய வினாத்தாள் என்பது சென்ற ஆண்டு பிறர் எழுதியது. (இஃதொன்றை நம் மாணவர்கள் மறுக்கமாட்டார்கள்.) நாய்க்குச் சொன்ன பொருளைப் படிக்கும்போது முதலிற் சிரிப்பும், அடுத்து நம் வீட்டு வாசலிற் படுத்திருப்பதைப்பற்றி ஒரு சிறு ஐயமும் எழுகின்றன அல்லவா? பியர்ஸ் வேண்டியது அவ்வையத்தையே. பொய்யான பொருள் எழுதினால் எவரும் கலங்கார். உண்மையின் ஒரு பக்கத்தை மட்டும் மிகத் துல்லியமாய் எழுதுவதாற்றான் அக்கலக்கம் பிறக்கின்றது.

1906-ல் இவ்விளக்கங்களின் முற்பகுதி நூலாயிற்று. ஆங்கில நெடுங்கணக்கில் முதற் பன்னிரண்டு எழுத்துக்களே அதில் அடங்கின. சாத்தான் என்னும் பெயரைக் கண்டு தயங்கிய பத்திரிகை ஒன்றன் காரணமாகத் தலைப்பும் மாற்றப்பட்டு, வெறுப்பாளனின் சொற்புத்தகம் என்னும் பொருள்பட நின்றது. இதற்குள் அவரைப் பார்த்து எழுதிய போலிகள் பல பெருகி, அத்தலைப்புக்கே இழிவு தேடிவிட்டன என அவர் வருந்தினார். 1911-ல், பன்னிரு தொகுதிகளாய் வந்த தம் நூற்றொகையின் ஏழாம் தொகுதியில் முழு அகராதியையும் தாம் விரும்பிய பெயராலேயே வெளியிட்டார்.

அவரது எழுதுகோலுக்கு அஞ்சாதவர் அக்காலத்துக் கலிபோர்னியாவில் அரியர். 1887-ல் ஹெர்ஸ்ட் என்னும் இளம் பத்திரிகை முதலாளி அவரைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டார். 1896-ல் புகைவண்டிக் கம்பெனியார் அரசாங்கத்திடம் வாங்கிய பல கோடி டாலர் கடனைத் திருப்பித் தருவதைப் பல்லாண்டுகள் தள்ளிப்போட ஒரு மசோதாவைக் கொணர்வித்தனர். ஹெர்ஸ்ட் அனுப்ப, பியர்ஸ் வாஷிங்டன் சென்று நாள்தோறும் அதனைத் தாக்கி எழுதினார். கம்பெனித் தலைவர் ஹண்டிங்டன் அவரை நெருங்கி, வாய் மூட என்ன விலை என வினவியதாகவும், கடன் தொகை முழுவதையும் அரசாங்கப் பொக்கிஷத்திற் கட்டுவதே தம் விலை என அவர் விடையிறுத்ததாகவும் சொல்லப்படுகிறது. 1897 ஜனவரியில் மசோதா தோல்வியுற்றது. கடன் ஒத்திவைப்பு என்னும் இனிய சொல்லுக்கு அவர் நாட்டிற்கு உரைத்த பொருள் பலித்தது.

இனி, இவரது இல்வாழ்க்கை இரங்கத்தக்கது. 1888-ல் மனைவியைப் பிரிந்தார். மறு ஆண்டு மூத்த மகன் பதினாறு வயதிலே, ஒரு பெண்ணின் பொருட்டு எழுந்த சச்சரவில் துப்பாக்கியால் உயிர் துறந்தான். இளைய மகனும் 1901-ல் இறந்தான். காதலுக்கும் மணத்திற்கும் அவர் எழுதிய விளக்கங்களில் உள்ள கசப்பை இவற்றோடு இணைத்துப் பேசுவோர் பலர். நாம் அங்ஙனம் துணிந்து கூறோம். அவற்றுள் பல, துயரங்கள் நேருமுன்னரே எழுதப்பட்டவை. எனினும் பெண்களைப்பற்றி அவர் எழுதியவற்றிற் பெரும்பகுதி நகைச்சுவையாகவும் நில்லாது, உண்மையாகவும் தேறாது வறண்டு கிடக்கின்றது. வலியாரைக் கடிக்கும்போது கூர்மையாய் இருந்த அதே பல், பிறரிடத்திற் சிறுமையாய்த் தோன்றுகிறது. ஆயினும் சீனத் தொழிலாளரைக் கலிபோர்னிய மக்கள் துன்புறுத்திய காலத்தில், துன்புறுத்தியோரை எள்ளி எழுதிய சிலருள் அவர் ஒருவர் என்பதையும் மறத்தல் ஆகாது. அவர் எழுதிய போர்க்கதைகளோ வேறு தன்மையன. 1891-ல் நூலாய் வந்த அவற்றுள், பாலத்தின்மேல் தூக்கிலிடப்பட நிற்கும் ஒருவனைப் பற்றிய கதை உலகெங்கும் இன்றும் படிக்கப்படுகின்றது.

1913 அக்டோபரில், எழுபத்தொன்றாம் வயதில், பியர்ஸ் வாஷிங்டனை விட்டுப் புறப்பட்டார். முதலில் தாம் இளமையிற் போர்புரிந்த களங்களை ஒவ்வொன்றாய்ச் சென்று பார்த்தார். ஷைலோவையும் பார்த்தார். பிறகு தெற்கே பயணப்பட்டு, எல்லை கடந்து, புரட்சி நடந்துகொண்டிருந்த மெக்சிக்கோ நாட்டினுட் புகுந்து, பஞ்சோ வில்லாவின் படையுடன் சென்றதாகத் தெரிகிறது. டிசம்பர் 26-ந் தேதி சிவாவா நகரினின்று எழுதியதாகக் கூறப்படும் கடிதமே அவரைப்பற்றி எட்டிய கடைசிச் செய்தி. அமெரிக்க அரசாங்கத்தார் விசாரித்தும் உடலோ கல்லறையோ கண்டுபிடிக்கப்படவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் வரையறுத்த அவரது வாழ்க்கைக் குறிப்பில், மறைந்த ஆண்டைக் குறிக்குமிடத்து 1914 என்றெழுதி அருகே ஒரு வினாக்குறி இடுவது இன்றளவும் வழக்கமாய் இருக்கின்றது.