மாஜிஸ்திரேட்டு மாணவர் ஆனார்!

மாதச் சம்பளம் ஒரு ரூபாய்.

அந்த ஒரு ரூபாயை நம்பித்தான் ஒரு சிறுவனும் அவன் தாயும் திருவாரூரில் குடியிருந்தார்கள். தகப்பனார் காலமாகிவிட்டார். படிக்க வேண்டிய வயதில் சிறுவன் கிராமக் கணக்குப்பிள்ளையிடம் எடுபிடியாகச் சேர்ந்து, வரிக்கணக்கு எழுதிக்கொண்டு இருந்தான்.

அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் சென்னை ஐகோர்ட்டில் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர். சர் டி. முத்துசாமி அய்யர் என்றால் நாடெங்கும் தெரியும். பெயருக்கு முன்னால் உள்ள "டி", திருவாரூரைக் குறிக்கும்.

அவரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் ஒரு கதை கேட்டிருப்பீர்கள். விளக்குக்கு எண்ணெய் வாங்க வழி இல்லாமல், தெருவிளக்கின் அடியில் உட்கார்ந்து படித்தார் என்பது அந்தக் கதை. பாடப்புத்தகத்தில் போடுவதற்கு நல்ல படம்தான். ஆனால் விளக்கடியில் உட்கார்ந்தவன் சிறு பையன். அதைவிடக் கடினமான படிப்பை அவர் படித்தது, நாற்பது வயதை நெருங்கிய பிறகு! அதை யாரும் அதிகமாகச் சொல்வதில்லை.

ஆற்றில் உடைப்பு

1832-ம் ஆண்டு ஜனவரி மாதம் 28-ந்தேதி, தஞ்சை மாவட்டம் உச்சுவாடியில் ஓர் ஏழைக் குடும்பத்தில் முத்துசாமி பிறந்தார். தகப்பனார் இறந்தபின், பிழைப்புத் தேடித் தாயும் மகனும் திருவாரூர் வந்தார்கள். சிறிது காலத்தில் தாயாரும் கண்ணை மூடினார். பையன் அனாதை ஆனான்.

அந்த ஊர் தாசில்தாரின் பெயரும் முத்துசாமிதான். முத்துசாமி நாயக்கர்.

ஒரு நாள் வெள்ளம் வந்து ஆற்றங்கரை உடைந்துவிட்டதாகச் செய்தி வந்தது. தாசில்தார் ஆள் தேடினார். கச்சேரியில் பெரியவர்கள் யாரும் இல்லை. இந்தப் பையன் மட்டும் இருந்தான். வேறு வழி இல்லாமல் அவனையே பார்த்து வரச் சொன்னார்.

பையன் போனான். திரும்பி வந்து, உடைப்பு எவ்வளவு, சேதம் எவ்வளவு, அடைக்க என்ன வேண்டும் என்று கணக்காகச் சொன்னான். தாசில்தாருக்கு நம்பிக்கை வரவில்லை. தலைமைக் குமாஸ்தாவை அனுப்பிச் சரிபார்த்தார். பையன் சொன்னது அத்தனையும் சரி!

அன்றுமுதல் தாசில்தார் அவனை விடவில்லை. கணக்குப்பிள்ளை வேலையில் கிடந்து வீணாகக்கூடாது என்று, தன் செலவிலேயே படிக்க அனுப்பினார். முதலில் நாகப்பட்டினத்து மிஷன் பள்ளிக்கூடம். பிறகு சென்னைப் பட்டணம்.

பட்டணத்தில் ஆண்டுதோறும் பரிசு வாங்கினார். 1854-ம் ஆண்டில் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் அவருக்குக் கிடைத்த பரிசு 500 ரூபாய். ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் அந்தப் பணத்தைச் சேர்க்க, நாற்பத்தொரு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும்.

பட்டம் இல்லாத நீதிபதி

படிப்பு முடிந்தது. ஆனால் பட்டம் இல்லை. பட்டம் கொடுக்கச் சென்னையில் பல்கலைக்கழகமே அப்போது கிடையாது. அது 1857-ல்தான் பிறந்தது.

அறுபது ரூபாய்ச் சம்பளத்தில் வாத்தியார் வேலை, தஞ்சாவூர் கலெக்டர் ஆபீசில் வேலை, பள்ளிக்கூடங்களைச் சோதிக்கும் வேலை என்று சில ஆண்டுகள் போயின. அந்தச் சமயத்தில் வக்கீலாகவும் முன்சீப்பாகவும் வர விரும்புகிறவர்களுக்குச் சர்க்கார் ஒரு பரீட்சை வைத்தது. முத்துசாமி அய்யர் எழுதித் தேறினார். 1859-ல் தரங்கம்பாடியில் முன்சீப்பு உத்தியோகம் கிடைத்தது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்த நேரம் சாதாரண நேரம் அல்ல. சட்டமே மாறிக்கொண்டு இருந்தது. 1859-ல் சிவில் வழக்குகளை நடத்துவதற்குப் புதுச் சட்டம். 1860-ல் இந்திய தண்டனைச் சட்டம். 1861-ல் கிரிமினல் வழக்குகளை நடத்துவதற்கு இன்னொரு சட்டம். 1862-ல் பழைய கோர்ட்டுகளை ஒன்றாக்கிச் சென்னையில் ஐகோர்ட்டு. நேற்றுப் படித்தது இன்றைக்கு உதவாது. நீதிபதிகளே புத்தகமும் கையுமாக இருக்க வேண்டியதாயிற்று.

தரங்கம்பாடிக்குப் பிறகு தஞ்சாவூர், மங்களூர் என்று மாறி, 1868-ல் சென்னைக்குப் போலீஸ் மாஜிஸ்திரேட்டாக வந்தார். நல்ல சம்பளம். ஊரார் மரியாதை. பெரிய குடும்பத்தில் பிறந்தவர்களே பொறாமைப்படும் பதவி. மற்றவராய் இருந்தால், இது போதும் என்று சாய்வு நாற்காலியில் சாய்ந்திருப்பார்கள்.

மீண்டும் பரீட்சை

முத்துசாமி அய்யர் சாயவில்லை. பி.எல். பட்டம் பெறுவது என்று தீர்மானித்தார்.

அந்தக் காலத்தில் சட்டம் படிப்பது எப்படி இருந்தது என்று கொஞ்சம் பார்க்கலாம். லண்டனுக்குக் கப்பல் ஏறிப்போய் பாரிஸ்டர் ஆகிறவர்கள் ஒரு ரகம். அதற்குக் கைநிறையப் பணம் வேண்டும். இந்துக் குடும்பங்களில் கடல் கடந்தவனைச் சாதியைவிட்டுத் தள்ளுவதும் உண்டு. உள்ளூரிலேயே படிக்கிறவர்களுக்கு, சென்னை மாநிலக் கல்லூரியில் 1855-ல் தொடங்கிய சட்ட வகுப்பு இருந்தது. நார்ட்டன் என்ற பாரிஸ்டர் அதில் முதலில் பாடம் சொன்னார். தனிச் சட்டக் கல்லூரி 1891-ல்தான் வந்தது. பரீட்சை வைத்துப் பி.எல். பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம்.

எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இருபது வயதுப் பிள்ளைகள். அவர்கள் எழுதுகிற பரீட்சையை, மாஜிஸ்திரேட்டும் எழுத வேண்டும். பகலில் வக்கீல்கள் எல்லாம் அவர் முன்னால் எழுந்து நிற்பார்கள். மாலையில் வீட்டுக்குப் போனால் அவரே மாணவர். தோற்றுவிட்டால் என்ன ஆகும்? பிள்ளைகள் தோற்றால் வீட்டோடு போகும். மாஜிஸ்திரேட்டு தோற்றால், மறுநாள் கோர்ட்டில் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவன்கூட மனதுக்குள் சிரிப்பான்!

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆலையில் ஷிப்டு முடித்துவிட்டு வந்து, கண் எரிய எரியப் புத்தகத்தைப் பிரிக்கிறவர்களுக்கு இந்தப் பாடு நன்றாகத் தெரியும். படிப்பு கடினம் இல்லை. கொட்டாவிதான் கடினம். (வக்கீலாக விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் காலத்தில் கல்லூரிக்கு நேரில் போய்த்தான் சட்டம் படிக்க வேண்டும். தபால் வழியில் வாங்கும் பட்டத்தைக் கொண்டு வக்கீலாக முடியாது.)

முத்துசாமி அய்யர் தேறினார். மாஜிஸ்திரேட்டு பி.எல். ஆனார்.

மூன்று ரூபாய்

அவர் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது நடந்த ஒரு வழக்கை, கோர்ட்டு வட்டாரத்தில் வெகுகாலம் பேசிக்கொண்டு இருந்தார்கள்.

ஐகோர்ட்டு நீதிபதியாக இருந்த ஒரு வெள்ளைக்காரர், தன் பங்களா வளாகத்துக்குள் வந்துவிட்ட ஓர் ஏழையை அடித்துவிட்டார். அடிபட்டவன் முத்துசாமி அய்யரிடம் வந்து புகார் கொடுத்தான். அவர் நீதிபதிக்குச் சம்மன் அனுப்பினார். இவ்வளவு பெரிய மனிதரை நேரில் வரவழைக்க வேண்டாமே என்று மேலிடத்தில் இருந்து யோசனை வந்தது. அய்யர் கேட்கவில்லை. நீதிபதி வந்தார். விசாரணை நடந்தது. அபராதம் மூன்று ரூபாய்!

தொகை சின்னதுதான். ஆனால் ஓர் இந்திய மாஜிஸ்திரேட்டு, தனக்கு மேலே உள்ள கோர்ட்டின் வெள்ளைக்கார நீதிபதியைக் குற்றவாளி என்று சொன்னார். அந்தக் காலத்தில் அதற்கு எத்தனை துணிச்சல் வேண்டும்!

நாலு சட்ட மாணவர்கள்

பின்னர் அவர் ஸ்மால்காஸ் கோர்ட்டு நீதிபதி ஆனார். ஐகோர்ட்டு நீதிபதிகள் யார் யார் ஆகலாம் என்று 1861-ம் ஆண்டுச் சட்டம் சொல்லி இருந்தது. பாரிஸ்டர் ஆகலாம். சிவில் சர்வீஸ்காரர் ஆகலாம். பத்தாண்டு வக்கீலாக இருந்தவர் ஆகலாம். ஸ்மால்காஸ் கோர்ட்டில் ஐந்து ஆண்டு நீதிபதியாக இருந்தவரும் ஆகலாம். இந்தக் கடைசி வாசல் வழியாகத்தான் முத்துசாமி அய்யர் நுழைந்தார். அவர் பாரிஸ்டர் அல்ல. சிவில் சர்வீஸ்காரரும் அல்ல. ஒரு நாள்கூட வக்கீலாகத் தொழில் நடத்தியதும் இல்லை.

1878-ல் அவர் ஐகோர்ட்டு நீதிபதி ஆனதும், ஆங்கிலேயர்கள் நடத்திய பத்திரிகைகள் குதித்தன. இந்தியருக்கு இந்தப் பதவியா என்று எழுதின. பதில் எழுத இந்தியர் கையில் சரியான ஆங்கிலப் பத்திரிகை இல்லை.

திருவல்லிக்கேணியில் ஆறு இளைஞர்கள் கூடினார்கள். ஜி. சுப்பிரமணிய அய்யரும் வீரராகவாச்சாரியாரும் வாத்தியார்கள். மற்ற நால்வரும் சட்ட மாணவர்கள். கையில் பணம் இல்லை. ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி, 1878-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 20-ந்தேதி ஒரு வாரப் பத்திரிகையை வெளியிட்டார்கள். அச்சிட்டது எண்பது பிரதிகள். விலை நாலு அணா. அதுதான் "தி இந்து".

பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் அந்த நாலு பேரும் பத்திரிகை போட்டார்கள். வீட்டில் என்ன திட்டு வாங்கினார்களோ! ஆனால் அவர்களுக்கு அது சொந்த விஷயமும்தான். உள்ளூரில் சட்டம் படித்த ஒருவர் ஐகோர்ட்டு நீதிபதியாக நிலைத்தால்தான், நாளைக்கு அவர்கள் படிக்கும் படிப்புக்கும் வழி உண்டு.

அவர் நிலைத்தார். சில மாதங்கள் தலைமை நீதிபதி வேலையும் பார்த்தார். "சர்" பட்டம் வந்தது. 1892-ல் ஐகோர்ட்டு இப்போதுள்ள சிவப்புக் கட்டிடத்துக்கு மாறியபோது அவரும் அங்கே வந்தார். பதவியில் இருக்கும்போதே, 1895-ம் ஆண்டு ஜனவரி மாதம் 25-ந்தேதி காலமானார். அறுபத்து மூன்று வயது நிறைய மூன்று நாள் பாக்கி.

ஐகோர்ட்டுக்குள் அவருக்குச் சலவைக்கல்லில் சிலை இருக்கிறது. தலைப்பாகையோடு உட்கார்ந்து இருப்பார். காலில் செருப்பு இருக்காது.

பக்கத்துக் கட்டிடத்தில் இருந்த சட்டக் கல்லூரி மாணவர்கள், பல தலைமுறையாக அடுத்த வீட்டுக்குப் போவதுபோல் போய் அந்தச் சிலையைப் பார்த்து வந்தார்கள். 2018-ல் வகுப்புகள் புதுப்பாக்கத்துக்கும், திருவள்ளூருக்கு அப்பால் உள்ள பட்டரைப்பெரும்புதூருக்கும் மாறிவிட்டன. ஸ்ரீபெரும்புதூர்ப் பிள்ளைகளுக்கு இப்போது கல்லூரி கிட்டத்தில். சிலையைப் பார்க்கத்தான் பஸ் ஏற வேண்டும்.