கம்ப்யூட்டருக்குக் கைகாட்டி வைத்தவர்

1957-ம் ஆண்டு. ஆலந்து நாட்டில் ஒரு திருமணம். பதிவேட்டில் மாப்பிள்ளையின் தொழிலை எழுத வேண்டும். கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுபவன் என்றார் அவர். அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று ஆம்ஸ்டர்டாம் நகர அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள்! வேறு வழியின்றி, பௌதிக அறிஞர் என்று எழுதிக் கொடுத்தார்.

அந்த மாப்பிள்ளைதான் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா.

1930-ல் ராட்டர்டாம் நகரில் பிறந்தவர். தந்தை ரசாயன நிபுணர். தாயார் கணிதம் கற்றவர். லெய்டன் பல்கலைக் கழகத்தில் பௌதிகம் படித்தார். ஆனால், மனம் கம்ப்யூட்டரில் லயித்துவிட்டது.

திருமணமான அதே ஆண்டில் ஒரு சோதனை வந்தது. எக்ஸ்-1 என்ற புதிய கம்ப்யூட்டரைச் செய்துகொண்டிருந்த நண்பர்கள், ஒரு யோசனை சொன்னார்கள். வெளிக்கருவி ஏதாவது கூப்பிட்டால், கம்ப்யூட்டர் தன் வேலையை நடுவில் நிறுத்த வேண்டும். கருவியைக் கவனித்துவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும். கேட்டதும் டைக்ஸ்ட்ரா கலங்கிப் போனார். மூன்று மாதம் தட்டிக் கழித்தார்.

ஏன் இந்தப் பயம்?

ஒரு பாங்கியில் உங்கள் கணக்கில் 500 ரூபாய் இருக்கிறது. ஒரு குமாஸ்தா 100 ரூபாய் வரவு வைக்க வருகிறார். இன்னொருவர் 200 ரூபாய். இருவரும் ஒரே சமயத்தில் 500 என்று பார்க்கிறார்கள். முதல்வர் 600 என்று எழுதுகிறார். மற்றவர் அதை அடித்து 700 என்று எழுதுகிறார். இருக்க வேண்டியதோ 800! 100 ரூபாய் மாயமாகிவிட்டது. திருடன் யாரும் இல்லை. மறுநாள் சோதித்தால் எல்லாம் சரியாகவே நடக்கும். இருவர் கையும் அதே நொடியில் மோதினால்தானே தவறு தெரியும்?

அறையைப் பூட்டி ஒருவரை மட்டும் விடலாமே என்பீர்கள். அதிலும் வம்பு உண்டு. அறை காலி என்று இருவர் ஒன்றாக எட்டிப் பார்த்து, இருவரும் நுழைந்துவிட்டால்? பார்ப்பதும் பூட்டுவதும் ஒரே செயலாக இருக்க வேண்டும். நடுவில் எவரும் புகக் கூடாது. இதுதான் சூட்சுமம்.

இரண்டு பேருக்கான வழியை டெக்கர் என்ற கணித அறிஞர் கண்டார். எத்தனை பேர் வந்தாலும் செல்லும் வழியை டைக்ஸ்ட்ரா 1965-ல் வெளியிட்டார். மிகச் சிறிய கட்டுரை அது!

அதோடு நிற்கவில்லை. ரெயில் பாதைக் கைகாட்டியைப் போல் ஒன்றைக் கம்ப்யூட்டருக்குள் அமைத்தார். கைகாட்டி இறங்கினால் போகலாம். இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் புரோகிராம் கதவைத் தட்டிக்கொண்டே இராது, தூங்கும். முந்தியவர் வெளியே வந்ததும் எழுப்பப்படும்.

பூட்டே வினையாவதும் உண்டு. ஆளுக்கு ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டு, மற்றவர் பூட்டுக்காக எல்லோரும் காத்திருந்தால், யுகம் முடிந்தாலும் வேலை நடக்காது. இதை அவர் 1965-ல் மாணவர்களுக்குப் பரீட்சைக் கேள்வியாகவே கொடுத்தார். வட்ட மேஜையில் ஐந்து தத்துவ ஞானிகள், இடையிடையே ஐந்தே முட்கரண்டிகள், சாப்பிட ஒருவருக்கு இரண்டு வேண்டும் என்று அந்தக் கணக்கு பிற்பாடு கதையாயிற்று.

ஐந்தோவன் நகரில் சிறு குழுவுடன் அவர் உருவாக்கிய நிர்வாகப் புரோகிராம், இந்தக் கைகாட்டிகளைக் கொண்டே ஓடியது. அதை 1968-ல் உலகுக்கு விளக்கினார். 1972-ல் டூரிங் பரிசு கிடைத்தது. இன்றைய கம்ப்யூட்டர்களின் உட்கருவிலும் அந்தக் கைகாட்டி இருக்கிறது.

1984-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக் கழகத்துக்குப் பேராசிரியராகச் சென்றார். இத்தனை செய்தவர் கட்டுரைகளைப் பெரும்பாலும் பவுண்டன் பேனாவால்தான் எழுதினார்! முத்து முத்தான கையெழுத்து. நகல் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார். 2002 ஆகஸ்டு 6-ந் தேதி தாய்நாட்டில் அவர் புற்றுநோயால் காலமானபோது, அப்படி வரிசை எண் இட்ட கட்டுரைகள் 1,300-ஐத் தாண்டியிருந்தன.