மூடி சொன்ன சேதி: புரூஸ் மெக்லாரன் கதை

கார் பந்தயச் செய்தி படிப்பவர்களுக்கு மெக்லாரன் என்ற பெயர் பழக்கமானது. பெரிய கம்பெனியின் பெயர் என்றே பலர் நினைக்கிறார்கள். அது ஒரு மனிதரின் பெயர். விந்தி விந்தி நடந்த ஒரு மெக்கானிக்கின் பெயர். தான் கட்டிய காரைத் தானே ஓட்டிச் சோதித்தவர். அந்தச் சோதனையிலேயே 32 வயதில் உயிரையும் விட்டார்.

புரூஸ் மெக்லாரன் 1937-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி நியூசிலாந்து நாட்டில் ஆக்லாந்து நகரில் பிறந்தார். தந்தை லெஸ் அங்கே பெட்ரோல் பங்கும் ரிப்பேர் பட்டறையும் நடத்தி வந்தார். பையன் வளர்ந்தது கிரீஸ் வாசனையில்தான்.

9 வயதில் இடுப்பு மூட்டில் நோய் கண்டது. தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு நலிந்துபோகும் நோய் அது. சுமார் 2 ஆண்டுகள் காலை எடை கட்டி இழுத்து வைத்து, படுக்கையிலேயே போட்டிருந்தார்கள். எழுந்து நின்றபோது இடது கால் வலது காலைவிடக் குட்டையாகிவிட்டது. மற்றப் பிள்ளைகளைப்போல ஓடியாட வழி இல்லை. பையன் பட்டறைக்குள் புகுந்துகொண்டான்.

உதிரியாக வந்த கார்

ஒரு நாள் தந்தை பழைய ஆஸ்டின் செவன் கார் ஒன்றை வாங்கி வந்தார். கார் என்று சொல்வது மரியாதைக்குத்தான். வந்தது எல்லாம் கழற்றிப்போட்ட உதிரிச் சாமான்கள். என்ஜின் 747 சி.சி. தகப்பனும் மகனும் உட்கார்ந்து அதைப் பூட்டி முடிக்க ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆயிற்று. 1952-ல், 15 வயதில், அந்தக் காரை மலைப்பாதைப் பந்தயத்தில் ஓட்டினான் புரூஸ். எந்தத் திருகு எங்கே இருக்கிறது என்று தெரிந்து ஓட்டியவன் அவன். பின்னாளில் அவர் பெயர் வாங்கியதற்கு அடிப்படை இதுதான்.

1958-ல் நியூசிலாந்து பந்தயச் சங்கம் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பி வைத்தது. அங்கே கூப்பர் கம்பெனியின் அணியில் சேர்ந்தார். 1959 டிசம்பரில் அமெரிக்காவில் செப்ரிங் என்ற இடத்தில் நடந்த கிராண்ட் பிரி பந்தயத்தில் முதலாவதாக வந்தார். வயது 22. அவ்வளவு சிறு வயதில் கிராண்ட் பிரி ஜெயித்தவர் என்ற அந்தச் சாதனை 2003 வரை நின்றது.

மூடி படபடத்தது

1963-ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார். இங்கிலாந்தில் நியூ மால்டன் என்ற ஊரில் மண் தரைக் கொட்டகை ஒன்று கிடைத்தது. ரோடு சமப்படுத்தும் இயந்திரம் ஒன்றும் அதே கொட்டகையில் பக்கத்தில் நின்றது. அந்த இடத்தில்தான் மெக்லாரன் கம்பெனி பிறந்தது.

ஆரம்ப காலத்தில் ஒரு நாள் சோதனை ஓட்டம். புரூஸ் வேகமாக ஓட்டிக்கொண்டு போகிறார். காரின் முன்பக்கத்தில் ஒரு சிறு மூடி. அடியில் உள்ள குழாயைத் திறந்து பார்ப்பதற்கு வைத்தது. யாரோ அதைச் சரியாகப் பூட்டவில்லை. வேகம் கூடக்கூட அது மேலே எழும்பிப் படபடவென்று அடித்தது.

வேறு ஒருவராக இருந்தால் திரும்பி வந்து மெக்கானிக்கைத் திட்டிவிட்டு, மூடியைப் பூட்டச் சொல்லியிருப்பார். புரூஸ் ஓட்டிக்கொண்டே யோசித்தார். எதிர்க்காற்று மேலிருந்து அழுத்துகிறது என்றால் மூடி கீழே அல்லவா இறுக வேண்டும்? எழும்புகிறது என்றால், மூக்கினுள் அடைபட்ட காற்றின் அழுத்தம் மேலே இருப்பதைவிட அதிகம். ரேடியேட்டர் வழியாகப் போன காற்று வெளியேற வழி இல்லாமல் உள்ளேயே முட்டிக்கொண்டு நிற்கிறது!

வண்டியை நிறுத்தினார். தகடு வெட்டும் கத்தரியைக் கையில் எடுத்தார். ரேடியேட்டருக்குப் பின்னால் காரின் மேல்பாகத்தை அவரே வெட்டித் துளை போட்டார். மறுபடி ஏறி ஓட்டினார். முன்னைவிடக் குறைந்த நேரத்தில் சுற்று முடிந்தது. அந்தத் துளைகள் பிறகு அவருடைய கார்களில் மூக்குத் துவாரங்கள்போல நிலைத்துவிட்டன.

கோளாறைப் பூட்டி மறைக்காமல், அது என்ன சொல்கிறது என்று கேட்டதுதான் அவர் கெட்டிக்காரத்தனம். டயர் கம்பெனியும் போர்டு கம்பெனியும் சோதனை ஓட்டத்துக்கு அவரைத் தேடி வந்தது சும்மா அல்ல. 1966-ல் பிரான்சில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் கிறிஸ் ஏமனுடன் மாறி மாறிப் போர்டு காரை ஓட்டி வெற்றி பெற்றார்.

தெரியாமல் ஜெயித்தார்

1968 ஜூன் 9-ந் தேதி பெல்ஜியம் கிராண்ட் பிரி பந்தயம். தன் பெயர் தாங்கிய காரைத்தான் ஓட்டினார். முன்னால் போன ஜாக்கி ஸ்டூவர்ட்டின் காரில் கடைசிக் கட்டத்தில் பெட்ரோல் தீர்ந்தது. புரூசுக்கு அது தெரியாது. இரண்டாவதாக வந்ததாக நினைத்துக் காரை நிறுத்தினார். ஜெயித்தது நீதான் என்று மற்றவர்கள் வந்து சொல்ல வேண்டியிருந்தது. கிராண்ட் பிரியில் மெக்லாரன் காரின் முதல் வெற்றி அது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த கேன்-ஆம் பந்தயங்களில் அவருடைய பப்பாளிப் பழ நிறக் கார்கள் கொடி கட்டிப் பறந்தன. 1969-ல் 11 பந்தயம், 11-ம் மெக்லாரனுக்கே. புரூஸ் 6, கூட்டாளி டென்னி ஹல்ம் 5.

குட்வுட் மைதானம்

மறு ஆண்டுக்கு எம்8டி என்ற புதுக் கார் தயாரானது. உயரமான இறக்கைகளுக்குத் தடை வந்துவிட்டதால், பின்புற மூடியோடு சேர்த்துத் தாழ்வாக ஓர் இறக்கை வைத்தார்கள். காற்று அதை அழுத்தும். அந்த அழுத்தத்தில்தான் பின்சக்கரங்கள் தரையைப் பற்றும்.

1970 ஜூன் 2-ந் தேதி. இங்கிலாந்தில் குட்வுட் மைதானம். போர்க்காலத்து விமான தளம் அது. அங்கே பந்தயம் 1966-லேயே நின்றுவிட்டது; சோதனை ஓட்டம் மட்டும் நடந்து வந்தது. கம்பெனி முதலாளி புரூஸ் தாமே காரில் ஏறினார். ஓட்டுவதும், நிறுத்துவதும், சரி செய்வதும், மறுபடி ஓட்டுவதும் அவருக்கு அன்றாட வேலை.

நேரான பாதையில் முழு வேகத்தில் போகும்போது பின்புற மூடி பிய்த்துக்கொண்டது. அதோடு இறக்கையும் போயிற்று. தரையின் பிடிப்பு ஒரு நொடியில் அற்றது. கார் சுழன்று, கொடி காட்டும் ஆட்கள் நிற்பதற்காகக் கட்டிய மேடையில் மோதியது. புரூஸ் அங்கேயே இறந்தார்.

முன்பு ஒரு மூடி எழும்பியபோது அவருக்கு யோசிக்க நேரம் இருந்தது. இந்த முறை இல்லை.

மறுநாள் யாரும் வேலைக்கு வர வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். மெக்கானிக்குகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். கனடாவில் பந்தயத்துக்கு இன்னும் 12 நாளே இருந்தது. டென்னி ஹல்முக்கு மே மாதம் அமெரிக்காவில் காரில் தீப்பிடித்துக் கைகள் வெந்திருந்தன. ஆறாத கைகளோடு தானும் ஓட்டுவேன் என்றார்.

ஜூன் 14-ந் தேதி கனடாவில் மாஸ்போர்ட் மைதானத்தில் அதே ரக எம்8டி காரை ஓட்டி டான் கர்னி முதலாவதாக வந்தார். ஹல்ம் மூன்றாவது.