உவரி டு ஆதிச்சநல்லூர்: கால்டுவெல் கூட ஒரு ரோடு ட்ரிப் போலாமா?

ரெண்டு நாள் லீவு, ஒரு பைக் அல்லது கார், கூட ஒரு ஃப்ரெண்ட். இவ்வளவு போதும். கோவா, கொடைக்கானல் எல்லாம் இந்த முறை கொஞ்சம் காத்திருக்கட்டும். நெல்லைச் சீமையில், கடலில் ஆரம்பித்து ஆற்றங்கரையில் முடியும் ஒரு ரூட் இருக்கு. அந்த ரூட்டுக்கு வழிகாட்டி 1891-லேயே இறந்துபோன ஒரு மனிதர். ராபர்ட் கால்டுவெல். சென்னை மெரினாவில் சிலையாக நிற்கிறாரே, அவரேதான்.

காலையில் உவரியிலிருந்து கிளம்புங்க. சுயம்புலிங்க சுவாமி கோயில், அந்தோணியார் கோயில், கப்பல் வடிவத்தில் கட்டிய கப்பல் மாதா கோயில் மூன்றும் ஒரே ஊரில். பைபிளில் வரும் ஓபீர் துறைமுகம் உவரிதான் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. சான்று ஒன்றும் உறுதியாக இல்லை. ஆனால் சாலமோன் மன்னருக்குக் கப்பலில் வந்த மயிலை எபிரேய மொழி 'துகி' என்கிறது. அது நம்ம 'தோகை'தான் என்றார் கால்டுவெல். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கடல் தாண்டிப் போவது அவருக்கு வழக்கம்.

உவரியிலிருந்து உள்ளே திரும்பினால் செம்மண் தேரியும் பனங்காடும். சீசனாக இருந்தால் ஒரு சொம்பு பதனி குடிச்சுட்டுப் போங்க. கொஞ்ச தூரத்தில் இடையன்குடி. கால்டுவெல் வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு புதுப்பித்து 2011-ல் நினைவு இல்லமாகத் திறந்தது. பக்கத்திலேயே தேவாலயம் இருக்கு. அதுக்குள்ளே இப்போ போகாதீங்க, திரும்பி வரும்போது பார்த்துக்கலாம்.

1814-ல் அயர்லாந்தில் ஸ்காட்டிஷ் பெற்றோருக்குப் பிறந்தவர் கால்டுவெல். கிளாஸ்கோவில் படித்தார். மதப் பிரசாரகராக 1838 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கினார். அதே கப்பலில் வந்த இன்னொரு பயணி, பிற்காலத்தில் தெலுங்கு உலகம் கொண்டாடிய சி.பி. பிரவுன். சென்னையில் மூன்று வருஷம் தமிழ் படித்தவர், 1841-ல் நெல்லைக்குக் கிளம்பினார். எப்படி? நடந்து! தஞ்சாவூர், நீலகிரி, மதுரை என்று சுற்றிக்கொண்டு. பல்லக்கு ஏறிப் போவதுதான் அன்றைய வெள்ளைக்கார கெத்து. இவருக்கு ஊரும் பேச்சும் காதில் விழ வேண்டும். அந்த வருஷக் கடைசியில் இடையன்குடி வந்து சேர்ந்தவர், வாழ்க்கையின் பெரும்பகுதியை இங்கேயே கழித்தார்.

இங்கே எலிசாவைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. நாகர்கோவிலில் பிறந்து தமிழ் பேசி வளர்ந்த எலிசா மால்ட்டை கால்டுவெல் 1844-ல் மணந்தார். நாகர்கோவிலில் அம்மா மார்த்தா பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னலை எலிசா இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் நடத்தினார். ஊர்ப் பெண்களோடு சரளமாகப் பேசக்கூடிய மனைவி வீட்டிலேயே இருந்தது கணவரின் தமிழுக்கு எவ்வளவு உதவியிருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

அந்த உழைப்பு 1856-ல் லண்டனில் புத்தகமாக வந்தது: திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறக்கவில்லை என்பதை அவருக்கு நாற்பது வருஷம் முன்னாலேயே, 1816-ல், சென்னைக் கலெக்டர் எல்லிஸ் சொல்லிவிட்டார். கால்டுவெல்லைத் திரும்பத் திரும்ப 'முதல் ஆள்' என்று போடும் ஃபார்வர்டுகள் எல்லிஸுக்குச் செய்வது அநியாயம். ஆனால் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு ஆகியவற்றோடு கோண்டி, தோடா, கோத்தா வரைக்கும் சேர்த்து, ஒலி ஒலியாக, வேர் வேராக ஒப்பிட்டு ஒரு குடும்பமாக நிறுவியவர் கால்டுவெல்தான்.

அவர் சறுக்கிய இடமும் இதே ஊரில்தான். 1849-ல் இப்பகுதி நாடார் சமூகத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். யாரோடு தினமும் வாழ்ந்தாரோ அவர்களையே தாழ்த்திச் சொன்ன எழுத்து அது. பள்ளிக்கூடம் போய் ஆங்கிலம் படித்த அடுத்த தலைமுறை அதை வாசித்தது, கொதித்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு நூல் விலக்கிக்கொள்ளப்பட்டது. படிப்பைக் கொண்டுவந்தவரையே அந்தப் படிப்பு கேள்வி கேட்டது. நினைவு இல்லத்தில் நிற்கும்போது இதையும் சேர்த்தே நினைச்சுக்கோங்க.

வண்டியைக் கடற்கரைச் சாலைக்கு விடுங்க. வழியில் மணப்பாடு. குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம், கீழே சவேரியார் தங்கிய குகை, போட்டோவுக்கு அருமையான கடல். உடன்குடியில் கருப்பட்டி வாங்கிக்கலாம். திருச்செந்தூரில் இரவு தங்கல்.

ரெண்டாம் நாள்தான் இந்த ட்ரிப்பின் உயிர். திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடி சாலையில் பழையகாயல். அங்கிருந்து உள்ளே ஏரல் பக்கமாகக் கொற்கை. இன்னைக்குப் போனால் வயல், வாழை, குளம், ஒரு பழைய வன்னி மரம். கடல் கண்ணுக்கே தெரியாது. இதுவா பாண்டியர்களின் முத்துத் துறைமுகம்னு தோணும்.

கால்டுவெல்லுக்கும் அதே கேள்விதான். பழைய கிரேக்கக் குறிப்புகள் 'கொல்கோய்' என்ற முத்துக்குளிக்கும் ஊரைச் சொல்கின்றன. மார்கோ போலோ 'காயில்' என்ற பெரிய துறைமுகத்தைச் சொல்கிறார். 1870-களில் ஆட்களை வைத்துத் தோண்டினார். கொற்கையில் தாழிகள் கிடைத்தன. காயலில் சீனப் பீங்கான் ஓடுகள். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலை விலக்கிக்கொண்டே போக, கொற்கை உள்நாட்டு ஊராகி, காயல் எழுந்தது. அதுவும் தூர்ந்தபோது தூத்துக்குடி எழுந்தது என்று கணக்குப் போட்டார். இந்தத் தோண்டலைப் பற்றி 1877-ல் 'இந்தியன் ஆன்டிகுவரி'யில் கட்டுரை எழுதினார். 1881-ல் அவரது திருநெல்வேலி வரலாறு வெளியானது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒண்ணு. கொற்கை முத்தை நம்ம சங்கப் பாடல்கள் தாராளமாகப் பாடியிருக்கின்றன. ஆனால் உ.வே.சா. பத்துப்பாட்டைப் பதிப்பித்தது 1889-ல், புறநானூற்றை 1894-ல். கால்டுவெல் அந்தச் சுவடிகளைப் பார்க்காமலேயே, கிரேக்கர்கள் சொன்னதையும் ஊர்ப் பெயரையும் கால் நடையையும் வைத்துக் கொற்கைக்கு வந்து சேர்ந்தார். அதே காரணத்தால் தமிழ் இலக்கியத்தின் வயதை ரொம்பவே குறைத்துப் போட்டார். பின்னாளில், 1968-69-ல் தமிழகத் தொல்லியல் துறை இதே கொற்கையில் தோண்டியபோது கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 என்று வந்தது. அவர் நின்ற மண்ணுக்கடியில்தான் அவருக்கான மறுப்பும் கிடந்திருக்கு.

அங்கிருந்து ஏரல், ஸ்ரீவைகுண்டம் வழியாக ஆதிச்சநல்லூர். கால்டுவெல் கொற்கையில் தோண்டிய அதே காலத்தில், 1876-ல் ஜெர்மானியர் ஜாகோர் இங்கே வந்து பொருள்களை பெர்லினுக்குக் கொண்டுபோனார். அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டினார். தோண்டிய இடத்திலேயே இப்போ, 2023 முதல், அருங்காட்சியகம் இருக்கு. கண்ணாடித் தளத்தில் நின்று கீழே பார்த்தால், புதைத்த இடத்திலேயே தாழிகள். கொஞ்ச நேரம் போனை உள்ளே வைங்க. நேரம் இருந்தால் பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம். அரசு அருங்காட்சியகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளி விடுமுறை. அதனால் சனி, ஞாயிறு ப்ளான் போடுங்க.

திரும்பும்போது இடையன்குடி. காலையில் விட்டுவைத்த தேவாலயத்துக்குள் இப்போ போங்க. 1847-ல் அஸ்திவாரம் போட்டு, 1880-ல்தான் கட்டி முடித்தார். 33 வருஷம்! நடுவில் 1877-ல் பிஷப் ஆனார், பெரும் பஞ்சத்தைப் பார்த்தார். 1883-ல் தூத்துக்குடிக்குக் குடிபோனார். 1891 ஜனவரியில் ஓய்வுபெற்று கொடைக்கானல் மலைக்குப் போனவர், ஆகஸ்ட் 28-ல் அங்கேயே இறந்தார். உடலை மலையிலிருந்து இறக்கி, இத்தனை தூரம் கொண்டுவந்து, இந்தப் பலிபீடத்தின் அடியில் புதைத்தார்கள். எட்டு வருஷம் கழித்து எலிசாவும் பக்கத்திலேயே வந்து சேர்ந்தார்.

வெளியே வந்தால் பனங்காட்டுக்கு மேலே இருட்டிக்கொண்டிருக்கும். உவரி பக்கம்தான். மெதுவா ஓட்டுங்க, தேரி மணல் ரோட்டில் ஏறியிருக்கும்.